யாழ்ப்பாணத்தில இப்ப போன் வாங்கிறதெண்டால் 5ஜி பெட்டியோ, 4ஜி பெட்டியோ?

#1 குடாநாட்டான்

கடையளில ஒரே பேர் போட்ட மொடலுக்கு 4ஜி ஒண்டு, 5ஜி ஒண்டு எண்டு இரண்டு பெட்டி அடுக்கி வைச்சிருக்கினம். விலை வித்தியாசமும் சின்னனில்லை. எதைப் பார்த்து எடுக்கிறது? பாவிப்பு கோண்டாவிலில வீடு, கிழமையில இரண்டு நாள் தீவுப் பக்கம், ஊர்காவற்றுறை. வெளிநாட்டில இருந்து வாற போன், வீட்டு ரவுட்டர் விசயமும் தெரிஞ்ச ஆக்கள் சேர்த்து எழுதுங்கோ. "5ஜி எடுங்கோ, காலத்துக்கும் நிக்கும்" எண்ட கடைக்காரர் கதை வேண்டாம், விபரம்தான் வேணும்.

#2 பாண்ட் மூண்டு

முதல்ல கொம்பனிக் கணக்கு. எடிசலாற்றை ஹட்ச் எடுத்தது, 2024இல எயார்ரெல்லை டயலொக் எடுத்தது. மிச்சம் நிக்கிறது டயலொக், எஸ்எல்ரி-மொபிற்றல், ஹட்ச் மூண்டும்தான்.

4ஜிக்கு மூண்டு பேருக்கும் முதுகெலும்பு 1800 மெகாஹேர்ட்ஸ், அதாவது பாண்ட் 3. அதுக்கு மேல இடத்துக்கிடம் 2100 (பாண்ட் 1), 900 (பாண்ட் 8) சேரும். வீட்டு ரவுட்டர் பக்கம் டயலொக் 2300 (பாண்ட் 40) பாவிக்குது. 5ஜிக்கு இஞ்ச முக்கியமான அலைவரிசை 3.5 கிகாஹேர்ட்ஸ், பெட்டியில என்78 எண்டு கிடக்கும்.

ஆகவே போனில தேடவேண்டியது 4ஜி பாண்ட் 1, 3, 8, 40, 5ஜி என்78. இதில 8 இல்லாத போனை ஊர்காவற்றுறைப் பக்கம் கொண்டு போகாதேங்கோ. தூரத்துக்கும் கல்வீட்டுக்குள்ளயும் கை குடுக்கிறது 900தான். அலைவரிசை கூடக் கூட இழப்பும் கூடும். வெறும் வெளியில பார்த்தாலே 1800இல இருந்து 3500க்குப் போனால் ஏறத்தாழ 6 டெசிபெல், 900இல இருந்து போனால் ஏறத்தாழ 12 டெசிபெல் குறையும். 12 டெசிபெல் எண்டால் பதினாறில ஒரு பங்கு சக்திதான் மிஞ்சும். சுவர், ஓடு, கொங்கிறீற் பிளேற் எல்லாம் அதுக்கு மேலதிகமாத் தின்னும்.

#3 சில்லறைக் கடை

அந்த இரண்டு பெட்டி விசயத்தில ஏமாறுறவை கனபேர், அதால கொஞ்சம் நீட்டி எழுதுறன்.

பேர் ஒண்டெண்டாலும் உள்ளுக்கு இருக்கிறது வேற சிப். ரெட்மி நோட் 13ஐ எடுங்கோ: 4ஜியில ஸ்னாப்டிராகன் 685, 5ஜியில டைமென்சிட்டி 6080. நோட் 13 புரோவில 4ஜிக்கு ஹீலியோ ஜி99 அல்ட்ரா, 5ஜிக்கு ஸ்னாப்டிராகன் 7எஸ் ஜென் 2. சாம்சங் ஏ15இலயும் அப்பிடித்தான், ஒண்டு ஹீலியோ ஜி99, மற்றது டைமென்சிட்டி 6100 பிளஸ். ஜி99, 685 இரண்டும் 4ஜியோட நிக்கிற சிப்புகள். பேந்து அப்டேற் வந்தாலும் அதுகளில 5ஜி வராது. "சொவ்ட்வெயர் போட்டால் வரும்" எண்டு ஆரும் சொன்னால் கும்பிட்டுப்போட்டு வெளியில வாங்கோ.

மற்றப் பக்கம், மலிவு 5ஜி போனுகளில 5ஜி மோடத்துக்குக் குடுத்த காசை வேற இடத்தில வெட்டியிருப்பினம். ஒரே விலையில 4ஜி மொடல் அமோலெட் திரையோட வரேக்குள்ள, 5ஜி மொடல் எல்சிடி திரையோட வரும். திரை, ராம், கமரா மூண்டையும் பக்கத்தில வைச்சுப் பாருங்கோ.

விலை ஏன் இவ்வளவு எண்டும் கேப்பினம். 2022இல டொலர் 200 ரூபாயில இருந்து 360 வரைக்கும் பாய்ஞ்சது. 2024 ஜனவரி 1இல வற் 18 வீதமாகினது, அதுவரைக்கும் விலக்கில இருந்த போனுக்கும் அண்டையில இருந்து விழத் தொடங்கினது. அதால உலகச் சந்தையில போட்டி எவ்வளவு கூடினாலும் அந்த மலிவு இஞ்ச அப்பிடியே வந்து சேராது.

#4 கடற்கரைக் காற்று

சில்லறைக் கடை அண்ணை சொன்னது சரி. ஆனால் அதை வைச்சு 4ஜியே காணும் எண்டு முடிவெடுக்கிறது பிழை. ஒரு போனை எத்தினை வருசம் வைச்சிருக்கப் போறியள் எண்டதுதான் கேள்வி. முந்தி இரண்டு வருசத்தில அப்டேற் நிண்டிடும், மாத்துவினம். இப்ப சாம்சங் ஏ16க்கே 6 வருசப் பாதுகாப்பு அப்டேற் எண்டு சொல்லியிருக்கு. எஸ்24, பிக்சல் 8 எல்லாம் 7 வருசம். பற்றரி ஒருக்கா மாத்தினால் ஆறு வருசம் ஓடக்கூடிய போனில, அந்த ஆறு வருசமும் 4ஜி மோடத்தோட நிக்கிறது கெட்டித்தனமில்லை.

சந்தை போற திசையையும் பாருங்கோ. எல்ஜி 2021இல போன் தொழிலையே விட்டிட்டுப் போனது. 2023இல ஐடிசி எண்ட சந்தை ஆய்வுக் கொம்பனியின்ர கணக்குப்படி அப்பிள் சாம்சங்கை முந்தி முதலிடத்துக்கு வந்தது, 2010க்குப் பிறகு சாம்சங் அந்த இடத்தை விட்டது அதுதான் முதல் தரம். மேல்தட்டில இடம் இறுகினதால சண்டை இப்ப நடுத்தட்டிலயும் கீழ்த்தட்டிலயும். மீடியாரெக்கும் குவல்கொமும் மலிவு 5ஜி சிப்பைப் போட்டி போட்டு இறக்குதுகள். புது மொடலுகளில 4ஜி மட்டும் இருக்கிறது குறைஞ்சு கொண்டே போகும்.

#5 பாண்ட் மூண்டு

ஆறு வருசம் பாவிக்கிற ஆளுக்கு உது சரி. குடாநாட்டான் எவ்வளவு காலம் எண்டு சொல்லேல்லை. இரண்டு மூண்டு வருசத்தில மாத்திற ஆளுக்கு, அந்த வித்தியாசக் காசில 4ஜி மொடலில கூட ராம் எடுக்கிறது லாபம்.

#6 அலைக்கணக்கு

5ஜியை "வேகம்" என்று விற்கிறார்கள். யாழ்ப்பாணத்துக்கு அது தரும் நன்மை வேகத்தை விடக் கொள்ளளவில்தான் இருக்கிறது. விளக்குகிறேன்.

நல்லூர்த் திருவிழா 25 நாள். தேர், தீர்த்தத்தன்று கோயில் வீதியில் நின்றால் போனில் சிக்னல் கோடு முழுதாக இருக்கும், ஒரு படம்கூட அனுப்ப முடியாது. சிக்னல் பலவீனம் இதற்குக் காரணமில்லை. 4ஜியில் ஒரு கரியர், அதாவது ஒரு அலைவரிசைத் துண்டு, ஆகக்கூடியது 20 மெகாஹேர்ட்ஸ். அந்த 20ஐ அந்தச் செக்டரில் (கோபுரம் ஒரு திசைக்குப் பரப்பும் பகுதியில்) நிற்கிற அத்தனை பேரும் பங்கு போடுகிறார்கள். என்78இல் ஒரு கரியர் 100 மெகாஹேர்ட்ஸ் வரை போகும். அதோடு அன்ரெனா ஒரே நேரத்தில் வெவ்வேறு திசைக்கு வெவ்வேறு கற்றைகளை அனுப்பும். ஆகவே 5ஜி முதலில் வரவேண்டிய இடங்கள் சனம் கூடும் இடங்கள்: நல்லூர், பஸ் நிலையம், ஆஸ்பத்திரியடி, திருநெல்வேலியில் பல்கலைக்கழகச் சுற்றாடல். இன்னொன்று, 5ஜி போன்கள் என்78க்கு நகர்ந்தால் 4ஜியில் நெரிசல் குறையும். 4ஜி போன் வைத்திருப்பவருக்கும் அதில் பயன் உண்டு.

கோண்டாவில் வீட்டுக்குள் என்78 வருமா என்பது கோபுரம் எவ்வளவு கிட்ட என்பதைப் பொறுத்தது. கீழிறங்கும் பக்கத்தில் கற்றை அன்ரெனா இழப்பின் ஒரு பங்கை ஈடு செய்யும். மேலேறும் பக்கத்தில்தான் இடிக்கும், ஏனென்றால் போனின் சக்தி வழக்கமாக 23 டிபிஎம், அதாவது 200 மில்லிவாற். கோபுரம் சொல்வது போனுக்குக் கேட்கும், போன் சொல்வது கோபுரத்துக்குக் கேட்காது. தகரக் கூரை ஏறத்தாழ முழுத் தடை. பனங்கூடலும் 3.5 கிகாஹேர்ட்ஸுக்கு நல்லதல்ல, மாரியில் ஓலை நனைந்திருந்தால் இன்னும் மோசம். குடாநாடு தட்டை நிலம், மலை மறைப்பு இல்லை என்பது ஒன்றுதான் எங்களுக்கு வாய்ப்பு.

கோபுரத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். என்78இல் ஒரு செக்டர் மட்டுமே உச்சத்தில் ஒரு கிகாபிற்றைத் தாண்டும், ஒரு கோபுரத்தில் வழக்கமாக மூன்று செக்டர். கோபுரத்துக்குக் கண்ணாடி இழை வராமல் பழைய மைக்ரோவேவ் இணைப்பு மட்டும் இருந்தால் மேலே எந்த றேடியோவைப் பூட்டினாலும் போத்தலின் கழுத்து அங்கேதான். தீவுப் பக்கத்துக்கு இது கூடப் பொருந்தும். கடலுக்கு மேலால் போகும் மைக்ரோவேவ் இணைப்பில் தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் அலை நேர் அலையோடு மோதி மங்கும். வற்றுப்பெருக்கோடு தெறிக்கும் உயரம் மாறுவதால் மங்கலும் நேரத்துக்கு நேரம் மாறும். அதைச் சமாளிக்க வேறு வேறு உயரத்தில் இரண்டு தட்டு வைப்பார்கள்.

#7 வடக்கு வெளிச்சவீடு

அலைக்கணக்கு கடலைத் தொட்டபடியால் இதையும் சேர்க்கிறன். பருத்தித்துறை, வல்வெட்டித்துறை, காங்கேசன்துறைக் கரையில சில நாளில போன் திடீரெண்டு இந்திய நெற்வேர்க்கைப் பிடிக்கும். கோடியக்கரைக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில ஏறத்தாழ 55 கிலோமீற்றர்தான். காற்றில்லாத வெக்கையான நாளில கடலுக்கு மேல காத்துப் படை ஒரு குழாய் மாதிரி நிண்டு அலையைத் தூரத்துக்குக் கடத்தும். றோமிங் திறந்திருந்தால் பில் ஏறும். செற்றிங்ஸில டேற்றா றோமிங்கை நிப்பாட்டுங்கோ. நெற்வேர்க் தெரிவை "தானாக" எண்டதில இருந்து எடுத்து, உங்கட கொம்பனியைக் கையால தெரிவு செய்து விடுங்கோ.

5ஜியில இது பில்லோட மட்டும் நிக்காது. என்78 நேரம் பிரிச்சு வேலை செய்யிறது: ஒரே அலைவரிசையில கொஞ்ச நேரம் கோபுரம் கதைக்கும், கொஞ்ச நேரம் போன் கதைக்கும். நடுவில ஒரு காவல் இடைவெளி. வழமையான அமைப்பில நாலு சிம்பல் (சின்ன நேரத்துண்டு) காவல் விட்டால் ஏறத்தாழ 143 மைக்ரோ செக்கன், அந்த நேரத்தில அலை போற தூரம் ஏறத்தாழ 43 கிலோமீற்றர். 55 கிலோமீற்றர் அதுக்கு மேல. அப்ப அந்தக் கரையில ஒரே அலைவரிசையில கோபுரம் கதைச்சது, இஞ்சத்தைக் கோபுரம் போனுக்குக் காது குடுக்கிற நேரத்துக்குள்ள வந்து விழும். இரண்டு பக்கமும் ஒரே நேரக்கணக்கில ஓடினாலும் இது நடக்கும். இந்தியாவில 5ஜி 2022 ஒக்ரோபர் 1இல துவங்கினது, அங்கயும் 3.5 கிகாஹேர்ட்ஸ்தான். வடமராட்சிக் கரைக் கோபுரங்களில அன்ரெனாவைக் கீழ சரிச்சு, வடக்குப் பார்த்த செக்டருக்குச் சக்தி குறைச்சு வைக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கும்.

#8 சில்லறைக் கடை

வெளிநாட்டுப் போன். கனடா, லண்டன், பிரான்ஸ், சுவிஸில இருந்து வராத வீடே இல்லை, அதால ஒவ்வொண்டாப் பாருங்கோ.

பூட்டு: கனடாவில 2017 டிசம்பரில இருந்தும் பிரித்தானியாவில 2021 டிசம்பரில இருந்தும் ஒரு கொம்பனியின்ர சிம்முக்கு மட்டும் பூட்டின போன் விக்கேலாது. அதுக்கு முந்தினதும் அமெரிக்கப் போனும் பூட்டோட வரலாம். ஐபோனில செற்றிங்ஸ், ஜெனரல், எபவுட் போய்க் கீழ இறங்கினால் சிம் கட்டுப்பாடு இல்லை எண்டு ஆங்கிலத்தில இருக்கோணும். அது இல்லாட்டி வாங்காதேங்கோ.

சிம் தட்டு: அமெரிக்க ஐபோன் 14இல இருந்து சிம் போடுற ஓட்டையே இல்லை, போனுக்குள்ளயே பதிஞ்சிருக்கிற இ-சிம் மட்டும். ஐபோன் 17இல கனடாவும் அந்தப் பக்கம் போயிட்டுது. மாமா கொண்டுவாறார் எண்டால் எந்த நாட்டுப் பெட்டி எண்டு முதல்லயே கேளுங்கோ.

பதிவு: *#06# அடிச்சால் ஐஎம்இஐ எண்ட போனின்ர அடையாள எண், 15 இலக்கம், வரும். ஆங்கிலத்தில ஐஎம்இஐ எண்டு அடிச்சு, ஒரு இடைவெளி விட்டு, அந்த 15 இலக்கத்தை 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கோ. பதிவில இருக்கோ இல்லையோ எண்டு தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில இருந்து பதில் வரும். இரண்டு சிம் போனுக்கு இரண்டு இலக்கம் இருக்கும், இரண்டையும் அனுப்போணும். 2025 ஜனவரி கடைசிக்குப் பிறகு பதிவில்லாத போனை நெற்வேர்க்கில சேர்க்கிறேல்லை எண்டும், அதுக்கு முந்திப் பாவிப்பில இருந்ததுகளுக்குப் பிரச்சினை இல்லையெண்டும் அறிவிச்சவை. அதால பாவிச்ச போன் வாங்கேக்குள்ள காசு குடுக்க முந்தி, கடையில நிண்டபடியே எஸ்எம்எஸ்ஸை அனுப்புங்கோ. பெட்டியில ஒட்டியிருக்கிற இலக்கத்தை நம்பாமல், திரையில வாறதை அனுப்புங்கோ. பெட்டி மாறுறது இஞ்ச புதினமில்லை.

5ஜி அனுமதி: ஐபோனில அலைவரிசை இருந்தாலும், அந்தக் கொம்பனிக்கு உரிய கோப்பை அப்பிள் திறந்து விட்டால்தான் 5ஜி வரும். இந்தியாவில ஒக்ரோபரில துவங்கின சேவை ஐபோனுக்கு வந்தது டிசம்பரில ஐஓஎஸ் 16.2ஓட. கையில போன், தலைக்கு மேல கோபுரம், நடுவில ஒரு கோப்புக்காகக் காவல் இருக்க வேண்டியதுதான்.

#9 சங்குவேலி

வோல்ட்டியை, அதாவது 4ஜியிலயே கோல் கதைக்கிற வசதியை, ஒருத்தரும் தொடேல்லை. 4ஜியில இருக்கேக்குள்ள கோல் வந்தால், வோல்ட்டி இல்லாத போன் 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கித்தான் கதைக்கும். கோல் பிடிக்க நாலஞ்சு செக்கன் பிந்தும், கதைக்கிற நேரம் டேற்றாவும் மந்தமாகும், 2ஜிக்கு இறங்கினால் செத்தே போகும்.

சோதிக்கிறது லேசு. கோல் எடுத்து, கதைச்சுக்கொண்டே மேல அடையாளத்தைப் பாருங்கோ. 4ஜி அப்பிடியே நிண்டால் வோல்ட்டி வேலை செய்யுது. எச், 3ஜி, இ எண்டு மாறினால் இல்லை. முதல்ல செற்றிங்ஸில வோல்ட்டியைத் திறந்து பாருங்கோ. அங்க ஆளியே இல்லையெண்டால் அந்த மொடலுக்கு உங்கட கொம்பனி பதிவில்லை எண்டு அர்த்தம். ரெட்மி, சியோமியில *#*#86583#*#* அடிச்சால் கொம்பனிச் சரிபார்ப்பு நிண்டு ஆளி வெளியில வரும். சாம்சங்கில உப்பிடிச் செய்யேலாது, நாட்டுக் குறியீடு பொருந்தோணும். வேற நாட்டுச் சாம்சங் மலிவா வந்தால் முதல்ல இதைச் சோதியுங்கோ.

#10 குடாநாட்டான்

பெரிய உதவி. நாலு வருசமாவது வைச்சிருக்கத்தான் யோசனை. கோண்டாவிலில எது நல்லாப் பிடிக்குதெண்டு போனில வாற சிக்னல் கோட்டைப் பார்க்காமல் அளக்கிறது என்ன மாதிரி? வீட்டு ரவுட்டருக்கு வெளி அன்ரெனா பூட்டினால் பிரயோசனம் இருக்கோ?

#11 பாண்ட் மூண்டு

கோடு ஒவ்வொரு போனிலயும் ஒவ்வொரு மாதிரி, அதை விடுங்கோ. சாம்சங்கில *#0011#, ஐபோனில *3001#12345#*, மற்ற அன்ட்ரொயிட்டில *#*#4636#*#*. அதில ஆர்எஸ்ஆர்பி எண்டதைப் பாருங்கோ, அது சிக்னலின்ர பலம். மைனஸ் 80க்கு இஞ்சால திறம், மைனஸ் 100 சமாளிக்கலாம், மைனஸ் 110க்கு அங்கால போனால் வீட்டுக்குள்ள கோல் வெட்டும். கூடவே எஸ்ஐஎன்ஆர், அதாவது இரைச்சலை விடச் சிக்னல் எவ்வளவு கூட எண்டது: 20க்கு மேல நல்லது, 0க்குக் கீழ இறங்கினால் சிக்னல் இருந்தும் இரைச்சலில அடிபடுது. ஆர்எஸ்ஆர்பி மைனஸ் 85, எஸ்ஐஎன்ஆர் 2 எண்டால் இன்னொரு கோபுரம் குறுக்க நிக்குது, அன்ரெனாத் திசையை மாத்தினால் கனக்க மாறும்.

பகலிலயும் இரவு 8 மணிக்கும் அளவுங்கோ. ஆர்எஸ்ஆர்பி மாறாமல் வேகம் மட்டும் இரவில விழுந்தால் அது சன நெரிசல், அன்ரெனா வாங்கிக் காசைக் கொட்டாதேங்கோ.

ஒரு எச்சரிக்கை: 5ஜி எண்ட அடையாளத்தை நம்பாதேங்கோ. முதல்ல வாற வகை 5ஜி 4ஜியைத் தாங்குதூணா வைச்சுத்தான் ஓடும். தூணா நிக்கிற 4ஜி கோபுரம் "என்னட்டை 5ஜி இருக்கு" எண்டு அறிவிச்சாலே சில போன் அடையாளத்தைப் போட்டிடும், டேற்றா 4ஜியிலயே போகும். அளவுத் திரையில என்ஆர் (5ஜியின்ர தொழில்நுட்பப் பேர்) எண்டு வந்து அதுக்குக் கீழ என்78 இருந்தால்தான் உண்மை.

#12 அலைக்கணக்கு

ரவுட்டர் பற்றி. 11 டெசிபெல் அன்ரெனாவை வாங்கிக் கூரையில் பூட்டி, 10 மீற்றர் மெல்லிய ஆர்ஜி58 கேபிளில் வீட்டுக்குள் இறக்கினால், 2300 மெகாஹேர்ட்ஸில் மீற்றருக்கு ஏறத்தாழ ஒரு டெசிபெல் கேபிளே தின்னும். வந்த லாபம் அங்கேயே முடிந்தது. தடித்த எல்எம்ஆர்400 என்றால் மீற்றருக்கு ஏறத்தாழ 0.22. அதைவிட நல்லது, வெளியில் பூட்டும் ரவுட்டரையே எடுத்து, ஈதர்நெற் கேபிளிலேயே மின்சாரமும் அனுப்புவது. அதில் சிக்னல் இழப்பே இல்லை.

கடற்கரைப் பக்கம் இணைப்பிகளுக்குத் தானாக ஒட்டும் இறப்பர் நாடா கட்டாயம் சுற்றுங்கள். உப்புக் காற்றில் செம்பு பச்சை பிடித்தால் மாதக் கணக்கில் மெதுவாக மங்கும், காரணம் தெரியாமல் கொம்பனியைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். கம்பத்துக்கு எர்த் போடுங்கள், ஒக்ரோபர் நவம்பர் இடி சும்மா விடாது. பூஸ்ரர் என்று விற்கிற பெட்டியை மட்டும் பூட்டாதீர்கள். அனுமதியில்லாமல் பாவிப்பது சட்டப்படி குற்றம், பக்கத்து வீட்டு நெற்வேர்க்கையும் குழப்பும்.

#13 கடற்கரைக் காற்று

நாலு வருசம் எண்டால் என் கணக்கு 5ஜிதான். ஆனால் பாண்ட் 8உம் என்78உம் இரண்டும் இருக்கிற, 1909இல பதிவு காட்டுற, வோல்ட்டி ஓடுற பெட்டியா எடுங்கோ. அதில ஒண்டு குறைஞ்சால் 4ஜி மொடலே மேல்.

#14 குடாநாட்டான்

சரி. கடைசியா ஒண்டு: சிம் பழையது, 3ஜி காலத்தில எடுத்தது. அது காணுமோ?

#15 சில்லறைக் கடை

காணாது. அந்தப் பழைய சிம் கனக்க 4ஜிக்கே ஏறாது, மாத்தத்தான் வேணும். அடையாள அட்டையைக் கொண்டு கொம்பனிக் கிளைக்குப் போங்கோ, இலக்கம் மாறாது. சிம் உங்கட பேரிலயோ எண்டு முதல்ல பாருங்கோ. அப்பாவின்ர பேரில கிடந்தால் அவர்தான் வரோணும். சிம்மில போட்டு வைச்ச தொடர்பிலக்கங்களைப் போனுக்கு மாத்தினாப் பிறகு சிம்மைக் குடுங்கோ. புது சிம் உயிர் பெறும் வரைக்கும் வங்கிக் குறியீட்டு எஸ்எம்எஸ் வராது, அதால சம்பள நாளில போகாதேங்கோ.